ஒரு நாள் பயணமும் ஒரு சுமைதாங்கியும்

"எங்கை பிள்ளையள் வெளிக்கிட்டிட்டியள், விடியக் காலமை?"

இருபாலைச் சந்தியில் இரண்டு ஸ்கூட்டிகளை நிறுத்திவிட்டு நாங்கள் நால்வரும் நின்றபோது, மரக்கறி விற்கும் அம்மா கேட்டார்.

"பருத்தித்துறைக்கு அம்மா."

"செத்தவீடோ? கலியாணவீடோ?"

"ஒண்டுமில்லை. சும்மா பாத்திட்டு வரப் போறம்."

"சும்மாவோ?" என்று அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். கோபமாக அல்ல, விளங்காமல் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். கோயில், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பிள்ளையின் பள்ளிக்கூடம், நல்லது கெட்டது. காரணம் ஒன்று இல்லாமல் படலையைத் திறந்த நாள் எங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நானே பன்னிரண்டு வருடமாகச் சமூக வேலை செய்கிறேன். ஊர் ஊராய்ப் போகிறேன். ஆனால் 'சும்மா' போன நாள் ஒன்றைச் சொல் என்றால் என்னிடமும் இல்லை.

இது 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நடந்தது. நாங்கள் நால்வரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பெயர்களை எழுதாமல் விடுவது என் தொழிற் பழக்கம். ஆகவே பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்களிலேயே சொல்கிறேன். உயரமாய் இருந்தவள் நெட்டை. இப்போது சமூகக்கல்வி ரீச்சர். எப்போதும் எதையாவது கடித்துக்கொண்டிருந்தவள் வடை. இப்போது கனடாவில் இருக்கிறாள், திருவிழாவுக்கு வந்திருந்தாள். அதிகம் கதைக்காதவள் மௌனி. எல்லோரையும் அதிகாரம் பண்ணிய எனக்கு விதானையார் என்று பெயர்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு படம். 2003 ஆம் ஆண்டு, சமாதான காலம். நாங்கள் ஒன்பதாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தால் ஒரு பழைய பஸ்ஸில் வடமராட்சிக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். வீட்டிலிருந்து இருபது மைல்தான். ஆனால் எங்களுக்கு அது வெளிநாடு போல இருந்தது. ஊரடங்கும் இடப்பெயர்வும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பக்கத்து ஊரைப் பார்ப்பதற்கென்று எங்களை எவரும் கூட்டிப்போனதில்லை. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தின் திண்ணையில் நால்வரும் காலைத் தொங்கவிட்டு இருக்கும் படத்தை ரீச்சர் ஒருவர் எடுத்தார். அதை வடை கனடாவுக்குக் கொண்டுபோய் இத்தனை வருடமும் வைத்திருந்தாள். "அதே இடத்தில இன்னொருக்கா இருப்பம்" என்று கேட்டாள்.

நெட்டை உடனே ஓம் என்றாள். மௌனிதான் மாட்டேன் என்றாள்.

மௌனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 இல் அவளுடைய குடும்பம் தகப்பனின் ஊரான கிளிநொச்சிக்குப் போய்விட்டது. பாதை பூட்டப்பட்டது. அந்நாளில் வன்னியில் அநேக பெற்றோர் பயத்தில் செய்ததைப் போல, அவளையும் 18 வயதில் கலியாணம் கட்டிக் கொடுத்தார்கள். 2009 மே மாதம், ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது கணவரைக் கடைசியாகக் கண்டாள். செட்டிகுளத்து முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தாள். இப்போது ஆடு வளர்க்கிறாள், தைக்கிறாள். பொட்டும் வைக்கிறாள். அதற்கும் கதை சொல்லும் ஊர், அவள் சிநேகிதிகளோடு ஊர் பார்க்கப் போனாள் என்றால் சும்மா இருக்குமா என்பதுதான் அவளுடைய பயம்.

கடைசியில் அவளை அனுப்பிவைத்தது நானல்ல. 16 வயது மகள்தான். "அம்மா, நீங்கள் போட்டு வாங்கோ. ஆட்டை நான் பாக்கிறன்" என்று சொல்லி, பின்னலும் பின்னிவிட்டாளாம்.

மௌனி என் ஸ்கூட்டியில் பின்னுக்கு ஏறினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய கறுப்புப் பை. உங்களில் பலருக்கு அந்தப் பை எது என்று சொல்லாமலே தெரியும். கணவரின் அடையாள அட்டைப் பிரதி, கலியாணப் படம், முகாமில் பதிந்த அட்டை, ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் கொடுத்த முறைப்பாட்டின் பிரதிகள், கிராம அலுவலரின் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ். எல்லாம் பொலித்தீன் உறையில் போட்டு மடித்தபடி. அவள் சந்தைக்குப் போனாலும் அது கூடப் போகும். அதன் மூலை என் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

கோப்பாய்ச் சந்தி வந்ததும் நால்வருக்கும் கதை நின்றுவிட்டது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுதும் எழும்பி நடந்தபோது எங்களுக்கு ஆறு வயது. எங்கள் குடும்பம் இந்தச் சந்தியால் திரும்பித்தான் கைதடிக்குப் போனது. மழை. முன்னுக்கும் பின்னுக்கும் அசைய இடமில்லாத சனம். அம்மாவின் தலையில் ஒரு பெரிய மூட்டை. நான் அவரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இறக்கி வையுங்கோவன்" என்று அழுதேன். "இறக்கினா திரும்ப ஏத்திவிட ஆளில்லையடி பிள்ளை" என்றார் அம்மா. விடியுமட்டும் அவர் அதை இறக்கவேயில்லை. இந்தச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு வசனம்தான் நினைவுக்கு வரும்.

புத்தூர்ப் பக்கம் திரும்பி முதலில் நிலாவரைக் கிணற்றடிக்குப் போனோம். இராமர் தாகம் தீர்க்க அம்பு ஊன்றிய இடம் என்பது ஐதீகம். இதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். நெட்டை வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாள். "யாழ்ப்பாணத்துக்கு அடியில சுண்ணாம்புக்கல். அதில ஓட்டையும் குகையும். மழைத்தண்ணி உள்ளுக்கு இறங்கி, கடல்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும். அதாலதான் இந்தக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உவர்த்தண்ணி. அளவுக்கு மிஞ்சி இறைச்சா உவர் மேல வந்திடும்."

பச்சையும் நீலமுமாய் அசையாமல் கிடந்த தண்ணீரை மௌனி எட்டிப் பார்த்தாள். பை தோளில் நழுவியது. பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்தாள்.

அப்போது நான் ஒரு பிழை விட்டேன். "இண்டைக்கு ஒரு நாளாவது இந்தப் பையை வீட்டை வச்சிட்டு வந்திருக்கலாமே. மனசில உள்ள பாரத்தை இறக்கி வைக்கப் பழகோணும்" என்றேன். கருத்தரங்குகளில் நான் சொல்லும் அதே வசனம், அதே குரல்.

மௌனி திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ உன்ர வேலையை இண்டைக்கு வீட்டை வச்சிட்டு வந்தனியோ?"

வடை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது உண்மை. காலையிலிருந்து நான் சிநேகிதியோடு வரவில்லை. என் பதிவேட்டில் உள்ள ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவள் சிரிக்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

வல்லைவெளியில் காற்று ஸ்கூட்டியைச் சரித்தது. இரண்டு பக்கமும் வெளி, பாலத்துக்குக் கீழே களப்புத் தண்ணீர். நெட்டை ஏதோ பழைய பாட்டைத் தொடங்க, வடை தப்புத்தப்பாய்ச் சேர்ந்து பாடினாள். நானும் மௌனியும் கதைக்காமல் வந்தோம்.

நெல்லியடி தாண்டியதும் பெருந்தெருவை விட்டு உள்வீதியால் போவோம் என்று நெட்டை சொன்னாள். பனங்காணிகளும் மதில்களுமாய்ப் போன வீதியில், ஒரு வேப்பமர நிழலில், அவள் ஸ்கூட்டியை நிற்பாட்டினாள்.

"விதானையார், இது என்னெண்டு தெரியுமோ?"

வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய இரண்டு தூண். மேலே குறுக்காக ஒரு கல். ஓர் ஆளின் தோளுயரம் இருக்கும். பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. அவை உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக்கல். தொட்டி வற்றிக் கிடந்தது.

சுமைதாங்கி என்று எனக்குத் தெரியும். சமூகவியல் படித்த காலத்தில் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்ததில்லை.

எதிர் வளவில் ஓலை கிழித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் எழும்பி வந்தார். "வயித்துப் பிள்ளையோட செத்த ஒரு பொம்பிளைக்காகக் கட்டினது பிள்ளையள். அவ சுமையை இறக்காமல் போட்டா எல்லே. அந்தப் பாரம் தீரட்டும் எண்டு, தெருவால சுமையோட போறவைக்குக் கட்டிவிடுறது அந்தக் காலத்து வழக்கம்" என்றார். யார் அவர், எந்த வருடம் என்று கேட்டோம். "என்ர அம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்கையும் இது நிண்டதாம்" என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. கல்லில் எழுத்து ஏதும் இருந்திருந்தால் அது எப்போதோ உதிர்ந்துபோய்விட்டது.

இன்று குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அந்நாளில் பிள்ளைப்பேறு என்பது பெண்ணுக்கு உயிர்ப் பந்தயம். அப்படிப் போனவளை மறக்காமலிருக்க, சிலையல்ல, வழிப்போக்கருக்குப் பயன்படும் ஒரு கல்லை நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஏன் ஆச்சி இவ்வளவு உயரம்? நிலத்தில வைக்கலாம்தானே?" என்று வடை கேட்டாள்.

ஆச்சி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "நிலத்தில வச்சா ஆர் பிள்ளை திரும்பத் தூக்கிவிடுறது? தனியப் போறவளுக்கு ஆள் வேணுமெல்லே? இதில எண்டால் தலையில இருந்து அப்பிடியே சரிச்சு வைக்கலாம். களைப்பு ஆற, திரும்பத் தலையைக் குடுத்துத் தானே எடுத்துக்கொண்டு போகலாம்."

எனக்குக் கோப்பாய்ச் சந்தி நினைவு வந்தது. 'இறக்கினா திரும்ப ஏத்திவிட ஆளில்லை.' அம்மா அன்று மழையில் தேடியது இதைத்தான். முப்பது வயது தாண்டி, ஒரு பட்டமும் எடுத்து, பன்னிரண்டு வருடம் இந்த வேலையும் செய்த பிறகு, ஓலை கிழிக்கும் ஓர் ஆச்சி சொல்லித்தான் அந்தக் கல்லின் உயரம் எனக்கு விளங்கியது.

நான் திரும்பிப் பார்த்தபோது மௌனி தன் பையைக் கழற்றிக் குறுக்குக் கல்லின் மேல் வைத்திருந்தாள். எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டு, தோளை ஒருமுறை உருட்டினாள். பிறகு ஆச்சி கொடுத்த செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். பத்து நிமிடம் இருக்கும். ஆச்சி ஆட்டுக்கு என்ன தீன் போடுகிறாய் என்று அவளிடம் கேட்க, இருவரும் பூவரசங்குழை, முள்முருக்கு என்று கதைத்துக்கொண்டார்கள். புறப்படும்போது மௌனி பையை எடுத்துத் தானே தோளில் மாட்டினாள்.

ஸ்கூட்டியில் ஏறியபின் அவளாகவே கதைத்தாள். "பையை எறி எண்டு சொல்லாத. அதில அவர் இருக்கிறார். செத்திட்டார் எண்டு எழுதித் தா எண்டு எத்தனை பேர் கேட்டவை."

அவள் சொன்னதன் கனம் எனக்குத் தெரியும். இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போனார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டில்தான் சட்டத்தில் இடம் வந்தது. அதுவரைக்கும் ஒரு உதவியைப் பெறுவதற்குக்கூட, மரணச் சான்றிதழ் எடுப்பதா விடுவதா என்று பெண்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். "பிழைதான். இனிச் சொல்லமாட்டன்" என்றேன். "சரி, றோட்டைப் பாத்து ஓடு" என்றாள்.

மத்தியானத்துக்கு முன் தெருமூடி மடத்துக்கு வந்துவிட்டோம். தெருவையே கூரை போட்டு மூடிய மடம் அது. நடுவால் வீதி போகும். இரு பக்கமும் கற்தூண்களோடு உயர்ந்த திண்ணை. வண்டியிலும் நடையிலும் வந்தவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, படுத்து எழும்பிப் போக என்று கட்டியது. திருத்திய பிறகு தூண்கள் வெள்ளையாய் நின்றன. அதே திண்ணையில், அதே ஒழுங்கில் நால்வரும் இருந்தோம். வீதியால் போன ஒரு பொடியன் படம் எடுத்துத் தந்தான். 2003 இல் நிலத்துக்கு எட்டாத கால்கள் இப்போதும் எட்டவில்லை என்று நெட்டையைத் தவிர மற்ற மூவரும் சிரித்தோம்.

குழைசாதப் பொதியை அவிழ்த்தோம். வாழையிலை மணம் அந்தப் பஸ் பயணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. வடை வாக்குத் தவறாமல் பருத்தித்துறைத் தட்டை வடை இரண்டு பைக்கற் வாங்கிவந்து, "அப்ப காசை எண்ணி எண்ணி ஆளுக்கு மூண்டு வாங்கினனாங்கள், ஞாபகமோ?" என்று கேட்டுக் கண் கலங்கினாள். அங்கே கடையில் எல்லாம் கிடைக்கும், ஆனால் சேர்ந்திருந்து கடிக்க ஆளில்லை என்றாள். அவளுக்கும் ஒரு பை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பழையது எல்லாம் பொன் என்று நான் எழுதவில்லை. மடமும் கிணறும் கேணியும் அந்நாளில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. சாதி சொல்லித் தள்ளி நிற்க வைத்த காலம் அது. 1968 இல்கூட மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்குப் போராட வேண்டியிருந்தது. "அந்தக் காலத்தில எங்களில ஆர் இந்தத் திண்ணையில இருந்திருப்பம்?" என்று நெட்டை கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. வழியில் களைத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் முன்னோரின் சொத்து. அந்த இடத்தை எல்லோருக்கும் கொடுப்பது எங்கள் வேலை.

பின்னேரம் வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குப் போனோம். அங்கே மூலத்தானத்தில் இருப்பது சக்கரம். 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு பழைய நாகதீபத்தின் பெயரைச் சொல்வதால், இந்த மணலுக்குக் கீழே எத்தனையோ நூற்றாண்டு ஊர் இருக்கிறது என்று நெட்டை விளக்கினாள். அங்கிருந்து மணற்காடு. மணல் மலைகளுக்கு நடுவில், கூரையில்லாமல் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிவந்த கரை அது. எங்கள் கல்விச் சுற்றுலா முடிந்து ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூட. அன்று எங்களுக்குத் தண்ணீர் தந்த வீடுகளை நினைத்துக்கொண்டு சவுக்கமரங்களுக்குக் கீழே பேசாமல் நடந்தோம்.

மௌனி செருப்பைக் கழற்றிவிட்டு மணல்மேட்டில் ஏறினாள். உச்சியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் கணக்கெடுக்கவில்லை. கீழே இருந்து வடை கடித்தேன். இறங்கும்போது அவள் காலைப் பரப்பி மணலில் சறுக்கிக்கொண்டு வந்து, எங்கள் மூவருக்கும் மேல் விழுந்தாள். பையோடுதான். 14 வயதில் சிரித்த அதே சிரிப்பு.

பொழுதுபட வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சுமைதாங்கியின் படத்தைக் காட்டினேன். ஃபோனைத் தள்ளிப் பிடித்து நன்றாகப் பார்த்தார். "கைதடி றோட்டில இப்பிடி ஒண்டு இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர், முடிக்காமல் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் கூட்டங்களில் 'பாரத்தை இறக்கி வையுங்கள்' என்று சொல்வதில்லை. எங்கே இறக்குவது, பிறகு ஆர் தூக்கிவிடுவது என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்வதில் பயனில்லை. எங்கள் பெண்கள் சுமப்பது குப்பை அல்ல. அவர்களுடைய மனிதர்களை, அவர்களுடைய கேள்விகளைச் சுமக்கிறார்கள். அதை எறியச் சொல்ல எனக்கு உரிமையில்லை. களைக்கும்போது சற்று வைத்து எடுக்கத் தோளுயரத்தில் நிற்பதுதான் என்னால் ஆகும். அது ஒரு சிநேகிதியாலும் ஆகும், பக்கத்து வீட்டு அக்காவாலும் ஆகும்.

அன்றைக்குப் போய்வந்த தூரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். பெற்றோல், வடை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. சோறு வீட்டிலிருந்து. ஊர் கதைத்ததா என்று கேட்பீர்கள். கதைத்தது. மௌனியின் பக்கத்து வீட்டு அக்கா, "எங்கை, ஊர் சுத்திப் போட்டு வந்திட்டீரோ?" என்று கேட்டாராம். "ஓமக்கா, அடுத்த முறை நீங்களும் வாங்கோ" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எப்ப?" என்று கேட்டாராம்.

அடுத்தது கீரிமலை. கடற்கரையோடு நன்னீர் ஊறும் அந்த இடத்தில் பெண்களுக்கென்று மதில் கட்டிய கேணி தனியாக இருக்கிறது. ஆற அமர முழுகிவிட்டு வர வேண்டும் என்பது மௌனியின் திட்டம். பையை மதிலில் வைத்துவிட்டு முறைக்கு ஒருவர் காவல் இருப்போம் என்று பேசிவைத்திருக்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் ஊர் வீதியிலும் ஒரு பழைய கல், ஒரு மடம், ஒரு கேணி இருக்கும். நாலு பேராய்ச் சேர்ந்து ஒரு நாள் போய்ப் பாருங்கள். எதற்கு என்று கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள்.